பின்னால் போன பரிசல்

அந்த ஏரிக்கரையில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. முகம் காட்டி உள்ளே போனால், வேலை முடிந்ததும் ரிவர்ஸிலேயே ஊர்ந்துதான் வெளியே வரவேண்டும். போன தடவை டேவிஸ் அப்படி வரும்போது ஆம்னி வேனின் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கிவிட்டது. கரைக்குக் கல் பதிக்கிற ஆட்கள் ஓடிவந்து, சிரித்துச் சிரித்துத் தூக்கி வைத்தார்கள். ஆனாலும் இன்று காலை கரையேறும்போது அவனுக்குப் பயம் வரவில்லை. கரை கண்ணுக்குத் தெரிந்தால்தானே பயப்பட?

தூர் வாருவதற்காகத் தண்ணீரை வடித்துவிட்ட ஏரி அது. தண்ணீர் போன இடத்தில் பனி வந்து உட்கார்ந்திருந்தது. விளிம்பு வரைக்கும் வெள்ளை. காற்று அசைந்தால் அதில் அலைகூட அடித்தது. அந்தப் பக்கம் மலையின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, கழுத்துவரை போர்த்திப் படுத்திருக்கிற ஆள் மாதிரி தெரிந்தது. டேவிஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, கரையின் புல்லைப் பார்த்தே ஓட்டினான். புல் தெரிகிறவரை தரை இருக்கிறது என்று அர்த்தம்.

அவனுக்குப் பட்டறை என்று ஒன்று கிடையாது. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி அறை, கீழே நிறுத்திவைக்க இந்த வேன், அவ்வளவுதான். வேனுக்குள் வெல்டிங் செட், கேஸ் சிலிண்டர், சம்மட்டி, கடப்பாரைகள், கிரீஸ் கன். செயின் மேல் நடக்கிற பொக்லைன் எந்த இடத்தில் படுத்துக்கொள்கிறதோ அந்த இடத்துக்குப் பட்டறைதான் போகவேண்டும். அது எழுந்து வராது. டேவிஸ் போவான். குவாரிக்குப் போவான், கால்வாய்க்குப் போவான், குண்டலுபேட்டையைத் தாண்டிக் காட்டோரம்கூடப் போயிருக்கிறான். மனைவி ஷெர்லி மஸ்கட்டில் நர்ஸ். அவளுக்கு எப்போதும் நைட் டூட்டி. இவன் விழித்திருக்கும்போது அவள் தூங்குவாள். அவள் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை இவன் ஏதாவது ஒரு மெஷினின் நிழலில் உட்கார்ந்து கேட்பான்.

இன்று விடிந்தும் விடியாததுமாகப் போன் செய்தவன் தொட்டையன். கோபிநத்தத்துக்காரன். இந்த ஏரியில் பொக்லைன் ஓட்டுகிறவன்.

"தம்பி, செயின் கழண்டுபோச்சுங்க. கொஞ்சம் வெரசா வாங்க" என்றவன், குரலைத் தாழ்த்தி, "ஓனருக்கு இன்னும் சொல்லலீங்க" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை டேவிஸின் காதிலேயே நின்றிருந்தது. செயின் கழன்றால் எந்த ஆபரேட்டரும் முதலில் கூப்பிடுவது ஓனரைத்தான்.

வேனை நிறுத்திவிட்டுக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். சேறு மேலே காய்ந்து, உள்ளே வெண்ணெயாக இருந்தது. பொக்லைன் நடந்த தடம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஏணிகளைப் படுக்கவைத்த மாதிரி பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான். கொஞ்ச தூரத்தில் தடம் இடது பக்கம் வளைந்தது. பிறகு வலது பக்கம். பிறகு மறுபடியும் இடது. டேவிஸுக்கு நெற்றி சுருங்கியது. மண் அள்ளுகிற வண்டி இப்படி நடக்காது. அதற்கு டீசல் கணக்கு உண்டு, இங்கிருந்து அங்கே என்று நேராகப் போகும். இது ஏதோ பூப்பறிக்கப் போனவள் மாதிரி அசைந்து அசைந்து போயிருந்தது.

"ஓய், தொட்டையண்ணா!"

"இங்கதானுங்க தம்பி! நேரா வாங்க."

"நேரா எங்கண்ணா வர்றது? நீங்க போன வழியே நேரா இல்லையே."

பனிக்குள்ளிருந்து முதலில் மஞ்சள் நிறம் வந்தது, பிறகு வண்டி. நீளக் கை ஆகாயத்தில் மடங்கி நிற்க, பக்கெட் பாதி மண்ணோடு தொங்கியது. ஒரு பக்கச் செயின் முழுசாக நழுவி, பாம்பு உரித்துப் போட்ட சட்டை மாதிரி சேற்றில் கிடந்தது. அதன் பக்கத்தில் தொட்டையன் குந்தியிருந்தான். ஐம்பதைத் தொட்ட ஆள். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைக் காது மறையக் கட்டியிருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தது.

அதன் பிறகுதான் டேவிஸ் மற்றதைப் பார்த்தான். வண்டியின் முதுகுக்குப் பின்னால், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற தூரத்தில், கல் பதிக்கிற ஆட்களின் நீலத் தார்ப்பாய்க் கூடாரம் நின்றது.

"எப்படிண்ணா ஆச்சு?"

"கல்லு மேல ஏறிருச்சுங்க."

"கல்லு எங்க?"

"சேத்துக்குள்ள போயிருச்சுங்க தம்பி."

"ஓ. கல்லே வந்து, கழட்டிவிட்டுட்டு, குழி தோண்டிக்கிட்டு கீழ போயிடுச்சா? சரியான கல்லுதான் இது."

தொட்டையன் சிரிக்கவில்லை. டேவிஸ் கையை நீட்டினான். "சாவி குடுங்க."

இது அவனுடைய பழக்கம். அவன் மட்டுமில்லை, இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் இதுதான் வழக்கம். செயினுக்குள் கை போவதற்கு முன்னால் வண்டியின் சாவி மெக்கானிக்கின் இடுப்புக்கு வந்துவிடவேண்டும். யாரோ கூப்பிட்டார்கள், மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணினேன் என்ற பேச்சுக்கே இடம் இருக்கக்கூடாது. தொட்டையன் சாவியைக் கொடுத்தான். டேவிஸ் அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு மண்டியிட்டான்.

செயினை இழுத்துப் பிடிக்கிற ஐட்லர் சக்கரத்தின் பக்கம் கிரீஸ் ஒழுகிச் செயின் தொய்ந்திருந்தது. அது ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. பொக்லைனுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்பது உட்கார்ந்திருக்கிறவனின் முகத்தைப் பொறுத்தது இல்லை. மேலே இருக்கிற அறை ரங்கராட்டினம் மாதிரி முழுசாகச் சுற்றும், கீழே கால்கள் அப்படியே நிற்கும். செயினை ஓட்டுகிற பல்சக்கரம் ஆபரேட்டரின் முதுகுப்பக்கம் இருந்தால், மிதியை முன்னால் அழுத்த வண்டி முன்னால் போகும். அறை திரும்பிப் பல்சக்கரம் அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டால், அதே மிதி வண்டியைப் பின்னால் கொண்டுபோகும். இப்போது பல்சக்கரம் ஆபரேட்டர் சீட்டுக்கு நேரே முன்னால் இருந்தது. சீட்டின் முகம் ஏரியைப் பார்த்தபடி, முதுகு கூடாரத்தைப் பார்த்தபடி.

'பின்னாலேயே வந்திருக்கான்' என்று டேவிஸ் நினைத்தான். 'இவ்வளவு தூரம். வளைஞ்சு வளைஞ்சு. எதுக்கு?'

கெம்பம்மா டீ கொண்டுவந்தாள். கல் பதிக்கிற ஆட்களுக்குத் தலைவி அவள். ஹனூர்ப் பக்கம், கன்னடமும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும். அவள் கையில் ஒரு தம்ளர்தான் இருந்தது. அதை டேவிஸிடம் கொடுத்தாள். தொட்டையன் இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

"அண்ணனுக்கு இல்லையாம்மா?"

"அவனுக்கு எதுக்கு டீ? டீ குடிச்சா நித்தெ கெட்டுப்போயிடும் அல்லவா?"

தொட்டையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நோடப்பா மேஸ்திரி" என்று கெம்பம்மா ஆரம்பித்தாள். "காத்தால நான் பாத்திரம் கழுவிட்டு இருக்கேன். நெலம் நடுங்குது. என்னடா இதுன்னு பாத்தா, மஞ்சுக்குள்ள இருந்து இதோட முதுகு வருது. மெல்ல மெல்ல. உள்ள எங்க ஆளுங்க எல்லாம் வரிசையா படுத்திருக்காங்க. நான் கத்தறேன். நிக்கல. சுத்திப் போயி கண்ணாடி வழியா பாத்தா, இந்த மனுசன் கால மிதி மேல போட்டுக்கிட்டு சாஞ்சு கெடக்கான். சும்மா இல்ல. சிரிச்சுக்கிட்டே நித்தெ பண்றான்! கையில இருந்த குடத்த எடுத்து வீசினேன். அப்புறந்தான் செயின் கழண்டு, ஒரு பக்கமா உக்காந்து, நின்னுச்சு."

சாட்சி மாதிரி அந்தக் குடம் கூடாரத்து வாசலில் கிடந்தது. வயிற்றில் நல்ல நசுங்கல்.

டேவிஸ் டீயைக் கீழே வைத்தான். நாக்கில் சர்க்கரை தெரியவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு சில பாதங்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன. கல் சுமந்து வெடிப்பு விழுந்த, கெம்பம்மாவின் கத்தலுக்கும் எழாத பாதங்கள். அவற்றில் ஒன்று ஈயை விரட்டுவதற்காக அசைந்தது.

"அண்ணா."

"ஆமாங்க தம்பி" என்றான் தொட்டையன். "ஒறங்கிப்போட்டேனுங்க. நைட்டு ஓட்டிட்டிருந்த மனோஜ்குமாரு வேலைய உட்டுட்டுப் போயிட்டானுங்க. வேற ஆளு வர்ற வரைக்கும் நீயே பாத்துக்கடான்னு ஓனரு சொல்லிப்போட்டாரு. பகலும் நாந்தான், ராத்திரியும் நாந்தான். டிப்பரு வர்ற வரைக்கும் நின்னுட்டிருந்தனுங்க. குளிரு. என்ஜின் ஓடுனா உள்ள கதகதன்னு இருக்குமுங்களே. செவப்பு லீவர தூக்கி வெச்சிருக்கோணும். வெக்கல."

சிவப்பு லீவரைத் தூக்கிவிட்டால் எதை மிதித்தாலும் வண்டி அசையாது. தூங்கப் போகிறவன் தூக்கிவைப்பான். தூங்கப் போகிறோம் என்று தெரியாதவன் எங்கே தூக்கிவைப்பது?

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்று டேவிஸ் கேட்டான். கேட்கவேண்டிய கேள்வி அது இல்லை. ஆனால் அதுதான் வாயில் வந்தது.

தொட்டையன் துண்டின் முடிச்சைத் தளர்த்தினான். "கனவுங்க. பரிசல்ல போறேன். எங்கூருக்குக் கீழ ஆத்துல. நானு துடுப்பு போடல, யாரும் போடல, பரிசல் தானா போகுது. எதுத்தாப்புல என்ற பொண்டாட்டி மாதேவி உக்காந்திருக்கா. ஒண்ணுமே பேசல. அதுலயே கனவுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

கெம்பம்மா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பரிசல் எந்தப் பக்கமா போச்சு?"

"அதானுங்க தம்பி அதிசயம். நான் கரையப் பாத்து உக்காந்திருக்கேன். கரை என்னைய உட்டுட்டுத் தள்ளித் தள்ளிப் போகுது. பரிசல் பின்னாலயே போகுதுங்க. அலை வந்து அலை வந்து ஆட்டுது. அத்தன சொகம்."

அந்த இரண்டு ஏணித் தடம் டேவிஸின் கண்ணில் வந்தது. இடது, வலது, இடது. ஒரு காலின் பாரம் கூடக் கூட வண்டி வளைந்திருக்கிறது. சேற்று மேடும் பள்ளமும் அலையாக ஆட்டியிருக்கிறது. தொட்டையன் கனவில் போன வழியைத்தான் அவனும் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறான். எவ்வளவு காலமாயிற்று, தனக்கு ஒரு கனவு வந்து? படுத்தால் கறுப்பு, விழித்தால் வெளுப்பு, அவ்வளவுதான். ஷெர்லி சில நாள் அவளுடைய கனவைச் சொல்லி மெசேஜ் அனுப்புவாள். பதிலுக்குச் சொல்ல இவனிடம் ஒன்றும் இருக்காது.

"தம்பி" என்றான் தொட்டையன். "ஓனரு வருவாரு. உங்களத்தான் கேப்பாரு. ஒறங்கற ஆபரேட்டருன்னு ஒருக்கா பேரு வந்துருச்சுன்னா, அப்புறம் மைசூரு சுத்துவட்டத்துல எவனும் என்னைய சீட்டுல ஏத்தமாட்டானுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

டேவிஸ் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான்.

எந்த ஓனரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஆபரேட்டர் தப்பா, வண்டி தப்பா? எந்த மெக்கானிக்கும் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: சேறு. குவாரியாக இருந்தால், கல்லு. இன்றுவரை டேவிஸ் ஒரு ஆபரேட்டரையும் காட்டிக்கொடுத்ததில்லை. அவன் நல்லவன் என்பதால் இல்லை. செயினை மாட்டும்போது ஒரு கட்டம் வரும். என்ஜின் ஓடியாகவேண்டும், சாவி வண்டியில் இருந்தாகவேண்டும், இவன் கையும் பல்சக்கரத்தின் வாயில் இருந்தாகவேண்டும். அந்த நேரம் மேலே உட்கார்ந்திருக்கிறவன் மனதில் இவன்மேல் ஒரு கசப்பு இருக்கக்கூடாது. அதனால்தான் சேறு. கேட்கிற ஓனர்களுக்கும் அது தெரியும்.

ஆனால் அந்தப் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கெம்பம்மா உள்ளே போகாமல் அங்கேயே நின்று பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள். இவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவள் காது கொடுத்திருப்பது முதுகிலேயே தெரிந்தது.

அவன் கிரீஸ் வால்வைத் திருகித் திறந்தான். கிரீஸ் மெதுவாக வழிந்து வந்தது, ஐட்லர் தளர்ந்து உள்ளே போனது. பல்சக்கரத்தின் இடுக்குகளில் அடைத்த சேற்றை விரலால் நோண்டி எடுத்தான். தொட்டையன் கேட்காமலே கடப்பாரையைப் போட்டுச் செயினை நிமிர்த்தினான். பேசாமல் வேலை செய்வதற்குத் தோதான ஆள் தொட்டையன். எந்த நேரத்தில் எதை நீட்டவேண்டும் என்று அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வெயில் ஏறி, பனி தேய்ந்துகொண்டே வந்தபோது ஓனர் லிங்கப்பனின் ஜீப் டிப்பர் இறங்குகிற சரிவில் தெரிந்தது. யாரோ டிப்பர்காரன் சொல்லியிருப்பான். லிங்கப்பன் கொள்ளேகாலத்து ஆள். வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"ஏன்டா தொட்டையா, போன் பண்ண முடியாதா? உங்கூருல சிக்னல் இல்ல, இங்கயுமா இல்ல?" பிறகு டேவிஸைப் பார்த்து, "சொல்லு டேவிஸு. ஆபரேட்டர் தப்பா, வண்டி தப்பா?"

டேவிஸ் கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்தும் துடைத்தான். 'சேறு' என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எத்தனையோ தடவை சொல்லித் தேய்ந்த வார்த்தை. பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

"செயின் தொய்ஞ்சிருந்துச்சு லிங்கப்பண்ணா. அது வண்டி" என்றான். "அண்ணன் தூங்கிட்டார். அது ஆபரேட்டர். பகலும் ராத்திரியும் ஓட்ட வச்சது நீங்க. அதையும் சேத்துக்கணும்."

தொட்டையன் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். ஒரே தடவைதான். பிறகு ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

"தூங்கினானா?" லிங்கப்பன் தொட்டையன் பக்கம் திரும்பினார். "வண்டிய ஓட்டிக்கிட்டா? போடா. உன் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு கெளம்பு. இனி நீ எந்த சீட்டுலயும் உக்காராத மாதிரி பண்றேன் பாரு."

தொட்டையன் வண்டியில் ஏறினான். கம்பளி, தண்ணீர் கேன், முகம் பார்க்கிற கண்ணாடி, ஒரு மஞ்சள் பை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கிச் சேற்றில் நின்றான்.

அப்போதுதான் பனி முழுசாக விலகியது. யாரோ போர்வையை உருவின மாதிரி, ஏரி ஒரேயடியாக வெளியே வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஈரச் சேற்றின் மேல், வெயில் பட்டுப் பளபளத்துக்கொண்டு, தொட்டையனின் தூக்கம் போன வழி கிடந்தது. மண் எடுத்த பெரிய பள்ளத்தின் விளிம்பை ஒட்டி வந்து, விழாமல் வளைந்து, மதகுக் கிணற்றுக்கும் பட்ட மரத்துக்கும் நடுவில் நுழைந்து, மறுபடியும் சாவகாசமாக வளைந்து, இந்தக் கூடாரத்து வாசலுக்கு வந்திருந்தது. ஆறு போகிற மாதிரி. விழித்திருக்கிற எவனாலும் அப்படி ஓட்டியிருக்க முடியாது.

லிங்கப்பன் பள்ளத்தைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். கடைசியில் காலடியில் இருந்த கூடாரத்தைப் பார்த்தார். மெதுவாகப் போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"செயின் மாட்டணும்" என்றான் டேவிஸ். "மேல ஆள் வேணும்."

"நானே ஏறறேன். ஒரு காலத்துல நானும் ஓட்டினவந்தான்."

"வேணாண்ணா. உங்க கையில என் கையைக் குடுக்க மாட்டேன்." அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை உருவித் தொட்டையனிடம் நீட்டினான். "ஏறுங்கண்ணா."

தொட்டையன் சாவியைத் தொடவில்லை. "காட்டிக் குடுத்துட்டீங்களே தம்பி."

"ஆமாண்ணா."

"அப்புறமும் என்னைய மேல உக்கார வெச்சுட்டு, நீங்க கீழ கைய வெப்பீங்களா?"

"வைப்பேன். முழிச்சிருக்கிற தொட்டையண்ணனை எனக்குத் தெரியும்."

ஒரு கொக்கு வந்து பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, கீழே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பறந்து போனது. பிறகு கெம்பம்மா எழுந்து வந்தாள். நசுங்கின குடத்தில் தண்ணீர் இருந்தது. "மூஞ்சி கழுவு" என்றாள். தொட்டையன் பையை வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்தினான். அவள் ஊற்றினாள். அவன் கழுவிக் கழுவி, காதுவரை கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினான்.

என்ஜின் உறுமியது. நீளக் கை பக்கவாட்டில் திரும்பி, பக்கெட்டை முட்டுக்கொடுக்க, வண்டி தன்னைத் தானே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. டேவிஸ் மண்டியிட்டான். செயினின் முதல் கண்ணியைக் கடப்பாரையால் நெம்பிப் பல்லுக்கு நேரே பிடித்து, இடது கையால் அதைத் தாங்கினான். இப்போது மேலே இருக்கிற பாதம் ஒரு இம்மி அதிகம் அழுத்தினால் போதும். டேவிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது கையின் சுண்டுவிரலை மட்டும் லேசாக அசைத்துக் காட்டினான்.

பல்சக்கரம் அசைந்தது. அசைந்தது என்று சொல்வதே அதிகம். தூங்குகிற குழந்தையின் தொட்டிலை எழுப்பாமல் ஒரு ஆட்டு ஆட்டுவார்களே, அந்த அளவுக்கு. பல் வந்து கண்ணிக்குள் உட்கார்ந்தது. டேவிஸ் கையை அடுத்த கண்ணிக்கு மாற்றினான். மறுபடியும் அந்த அசைவு. மறுபடியும். டேவிஸுக்கு விசித்திரமாக இருந்தது. பயமே இல்லை. கண் சொக்குகிற மாதிரி ஒரு நிம்மதி. இரும்பு தன் உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு விலகி விலகிப் போகிற மாதிரி இருந்தது. எங்கோ தண்ணீர் சலசலக்கிற சத்தம்கூடக் கேட்டது. வற்றின ஏரியில் எங்கிருந்து தண்ணீர்? கேட்டது என்றால் கேட்டதுதான்.

செயின் ஐட்லரைச் சுற்றி வந்து உட்கார்ந்ததும் என்ஜின் நின்றது. தொட்டையன் சாவியை உருவி, கேட்காமலே கீழே நீட்டினான். டேவிஸ் கிரீஸ் அடித்துச் செயினை இறுக்கி முடிக்கும்வரை அது அவன் இடுப்பிலேயே இருந்தது.

எல்லாவற்றையும் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த லிங்கப்பன் எழுந்தார். "தூங்குனவன எப்பிடிய்யா மறுபடி ஏத்தறது?" என்றார், யாரையும் பார்க்காமல். குரலில் பழைய காரம் இல்லை.

கெம்பம்மாதான் பதில் சொன்னாள். "பகல்ல ஏத்து சாமி. ராத்திரியில இந்த மிஷினு ஓடவேகூடாது. ஓடுச்சுன்னா நாளைக்கு என் ஆளுங்க அத்தன பேரும் ஹனூர் பஸ் ஏறிடுவாங்க. அப்புறம் உன் கரைக்கு நீயே கல்லு பதிச்சுக்கோ."

"ஏம்மா, இவனுக்குப் பரிஞ்சு பேசறியா?"

"இவனுக்கா? இவன் யாரு எனக்கு? எங்க காலுக்குப் பேசறேன். அங்க நோடு, எத்தன காலு இருக்குன்னு."

லிங்கப்பன் பார்த்தார். சத்தத்தில் எழுந்து உட்கார்ந்த ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இவரையே பார்த்தார்கள்.

"சரி, ராத்திரி ஓட்ட வேணாம்" என்றார். "டேய், இன்னிக்கு ஒண்ணும் ஓட்டாத. படுத்துத் தூங்கு. நாளைக்குக் காத்தால ஏறு." ஜீப்பைப் பார்க்கத் திரும்பினவரை கெம்பம்மா விடவில்லை.

"சாவி என் கையில."

"வண்டிச் சாவி உனக்கு எதுக்கு?"

அவள் டேவிஸின் இடுப்பைக் காட்டினாள். "அவரு கை உள்ள போறப்போ சாவி அவருகிட்ட. நாங்க படுக்கறப்போ சாவி எங்ககிட்ட. அவரு கைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?"

லிங்கப்பன் கையை வீசிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். டேவிஸ் சாவியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து அவள் கையில் வைத்தான். அவள் முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டேவிஸ் தன் சாமான்களை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது தொட்டையன் கூடாரத்துக்குள் யாரோ விட்டுக்கொடுத்த பாயில் உட்கார்ந்திருந்தான். கையில் டீ தம்ளர். டேவிஸைப் பார்த்ததும் முகம் ஒருமாதிரி ஆனது.

"கோவமாண்ணா?"

"இருக்குதுங்க" என்றான் தொட்டையன் ஒளிக்காமல். "ஒறங்கி எந்திரிச்சுப் பாத்தாத்தான் தெரியும், இன்னும் இருக்குதா, போயிருச்சான்னு." டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கவிழ்த்தான். "மாதேவிகிட்ட மட்டும் இதச் சொல்லிறாதீங்க தம்பி. கனவுல வந்தவ ஒரு வார்த்த பேசலைன்னு தெரிஞ்சா, நெசத்துல வந்து பேசுவா."

அவன் பாயில் சாய்ந்தான். கம்பளியை இழுத்துவிட டேவிஸ் குனிவதற்குள் மூச்சு மாறிவிட்டது. வரிசையாக நீண்டிருந்த பாதங்களோடு அவனுடைய பாதமும் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டது. அதில் வலது கால் மட்டும் லேசாக முன்னால் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. எதிரே வண்டி அசையாமல் நின்றது.

டேவிஸ் வேனில் ஏறி உட்கார்ந்தான். ஷெர்லியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. டூட்டி முடிந்து படுக்கப்போகிறாளாம், சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தாள். அவன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "ஷெர்லி, இன்னிக்கு ஒரு கனவு சொல்றேன், கேளு. என்னோடது இல்ல. கேட்டுக்கிட்டே தூங்கு" என்று ஆரம்பித்து, சொல்லிக்கொண்டே ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

கரை ஒற்றையடிப் பாதையாகப் பின்னால் நீண்டிருந்தது. இந்தத் தடவை வெளிச்சத்தில் இரண்டு பக்கச் சரிவும் நன்றாகவே தெரிந்தது. கண்ணாடியில் ஒரு கண், எதிரே ஒரு கண். வேன் பின்னாலேயே ஊர்ந்தது. மஞ்சள் வண்டியும், நீலக் கூடாரமும், வாசலில் கிடந்த குடமும், அவனைப் பார்த்தபடியே தள்ளித் தள்ளிப் போயின. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேன் ஆடியது. டேவிஸ் பேச்சை நிறுத்தவில்லை.